கானாவுக்கு முன்னால்

முப்பிடாதியம்மாளைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றுதான் சொல்ல முடியும். அவள் சாகக் கிடந்ததற்கு நானும் ஒரு காரணம். வேண்டுமென்று எதுவும் செய்துவிடவில்லை. ஒரே ஒரு சொல்லைத் தமிழில் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான்.

அறுபத்தேழாம் வருஷம். அய்யாத்துரையாகிய நான் தாராவியில் ஒரு தோல் கிட்டங்கியில் குமாஸ்தா. சாப்பாடு முப்பிடாதி அக்காவின் கானாவளியில். கானாவளி என்றால் மாதச் சாப்பாடு போடும் மெஸ். மராத்திக்காரர்கள் சொல்லும் சொல் அது. நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். மத்தியானம் போடுவதும் கானா, ராத்திரி போடுவதும் கானா. 'கானா ஆச்சா' என்று கேட்டால் அக்கா எங்களுக்குச் சோறு போட்டுவிட்டாளா என்று அர்த்தம். எங்கள் சந்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் அன்று வைத்துக்கொள்ளவில்லை.

அக்காவுக்கு அப்போது அறுபத்தொரு வயது. நாற்பதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அடுப்பு மூட்டியவள். அன்று யாரோ வைத்த 'அக்கா' அறுபத்தொன்றிலும் மாறவில்லை. மகன் விக்ரோலியில் ஃபாக்டரி வேலையில் இருந்தான், கூப்பிட்டுக்கொண்டும் இருந்தான். "அங்க வந்து ஒம்பொண்டாட்டி போடுத சோத்துக்குக் காத்துக் கெடக்கச் சொல்லுதியா" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். பன்னிரண்டு ஆண்கள் அவள் கையால் சாப்பிட்டோம். எல்லோரும் திருநெல்வேலிச் சீமை. நேரம் தவறி வருகிறவனுக்குச் சோற்றுக்கு முன் திட்டு விழும். திட்டிவிட்டு இரண்டு கரண்டி கூடுதலாகப் போடுவாள் என்பதால் சிலர் வேண்டுமென்றே தாமதமாக வருவதும் உண்டு.

அவள் எழுந்திருப்பது மில்லில் ஊதும் காலை ஐந்து மணிச் சங்குக்கு. அடுப்பு, அரிசி, அம்மி எல்லாம் முடிந்து பன்னிரண்டு மணிக்கு எங்களுக்குப் போட்டு, பாத்திரம் கழுவி, மூன்று மணிச் சங்கு ஊதும்போதுதான் தன் தட்டை எடுப்பாள். ருசி பார்க்கக்கூட எதையும் வாயில் வைக்க மாட்டாள். வாசனையிலேயே உப்பு தெரியும் என்பாள். அதுவரை கருப்பட்டிக் காப்பிதான், நாலு தம்ளராவது உள்ளே போகும். அவள் எப்போது சாப்பிடுகிறாள் என்று எங்களில் ஒருவன்கூட யோசித்ததில்லை. வெட்கக்கேடுதான், ஆனாலும் உள்ளதைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வருஷம் பொங்கல் கழித்து அவள் காலில் கஞ்சி கொட்டிப் புண்ணானது. ஒரு மாதமாகியும் ஆறவில்லை. மெயின் ரோட்டில் ரஷீதா என்று ஒரு லேடி டாக்டர் இருந்தார். அக்காவுக்குக் கடைத்தெரு ஹிந்தி வரும், டாக்டர் பேசும் ஹிந்தி வராது. எனக்கு ஹிந்தி தெரியும் என்று நானே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்ததால் என்னைத் துணைக்கு அழைத்துப் போனாள். டாக்டர் மூத்திரத்தை வாங்கி, கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்து விளக்கில் சுட வைத்தார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது. சர்க்கரை வியாதி. ஒரு காகிதப் பொட்டலத்தில் வெள்ளை மாத்திரைகளைப் போட்டு, மேலே மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

"ஸுபஹ் ஏக் கோலி, கானே ஸே பெஹலே. சீனி, மீட்டா ஸப் பந்த்."

நான் அலட்சியமாக எடுத்துச் சொன்னேன். "அக்கா, காலம்பற ஒரு மாத்திர. கானாவுக்கு முன்னால. சீனி, கருப்பட்டி எதுவும் ஆகாது."

"கானாவுக்கு முன்னாலயா? சரி" என்றாள்.

கேள்விக்கு இடமே இல்லாமல் அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் முதல் ஐந்து மணிச் சங்குக்கு ஒரு மாத்திரை, ஒரு மடக்குத் தண்ணீர். கருப்பட்டிக் காப்பி நின்றது. பன்னிரண்டு மணிக்குக் கானா வந்தது, எங்களுக்கு. அவளுக்குச் சோறு வழக்கம்போல மூன்று மணிக்கு.

அம்மன் முதல் தடவை வந்தது மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மணி பதினொன்றரை இருக்கும். கிட்டங்கியில் அன்று சரக்கு வராததால் நான் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தேன். கூட இரண்டு பேர். ஒருவன் லேத் பட்டறையில் வேலை செய்யும் கணேசபாண்டியன். மற்றவர் பிரம்மநாயகம் அண்ணாச்சி. அறுபத்தாறு வயது, தோல் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர், எங்கள் சந்து முப்பிடாதி அம்மன் பீடத்துக்கு அவர்தான் பெரியவர். வருஷா வருஷம் சித்திரையில் நடக்கும் கொடைத் திருவிழாவை முன்னின்று நடத்துகிறவரும் அவரே.

அக்கா திட்டிக்கொண்டிருந்தாள். அது அன்றாடம் நடப்பது, அதனால் முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு கரண்டியை வீசி எறிந்தாள். முகமெல்லாம் வியர்வை வழிந்தது, கை நடுங்கியது, கண் எங்கேயோ போயிருந்தது. நாக்குக் குழறி ஏதேதோ சொன்னாள். செவ்வாய்க்கிழமை, பெயரோ முப்பிடாதி. பிரம்மநாயகம் அண்ணாச்சி எழுந்து கைகூப்பி நின்றார்.

"தாயி வந்திருக்கா."

அப்புறம் கேட்க வேண்டுமா? பக்கத்து வீட்டுப் பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ வேப்பிலை ஒடித்து வந்து கையில் திணித்தார்கள். கணேசபாண்டியன் காலில் விழுந்து, விக்ரோலி ஃபாக்டரியில் தன்னை எடுப்பார்களா என்று கேட்டான். அவள் அடுப்பைக் காட்டி "எடு, எடு" என்றாள். நானும் விழுந்தேன். எனக்கு எப்போது பெண் அமையும் என்று கேட்டேன். "தூரப் போ, சவமே" என்றாள். தூரத்திலிருந்து பெண் வரும் என்று அண்ணாச்சி பொருள் சொன்னார். நானும் தலையாட்டினேன், படித்தவன்.

அம்மனுக்குப் படைப்பதாக வெல்லத்தைக் கரைத்துப் பானகம் கொடுத்தார்கள். இரண்டு தம்ளர் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது, கண் தெளிந்தது. "எதுக்குலே எல்லாரும் நிக்கிய? அடுப்புல சோறு கொழையுது, எறக்கி வைக்க ஒருத்தனுக்குக் கையில்லையா" என்று எழுந்தாள். நடந்தது ஒன்றும் அவளுக்கு நினைவில் இல்லை. பானகம் குடித்துத் தாய் குளிர்ந்துவிட்டாள் என்று சந்து முழுக்கப் பேச்சு பரவியது.

அடுத்த வாரத்தில் இரண்டு தடவை வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. மாட்டுங்காவிலிருந்தெல்லாம் ஆட்கள் தேங்காய் பழத்தோடு வர ஆரம்பித்தார்கள். எங்கள் மெஸ்ஸுக்கே ஒரு மவுசு வந்துவிட்டது. நானும் கிட்டங்கியில், எங்க மெஸ்ஸில் அம்மன் நேரில் பேசும் தெரியுமா என்று பீற்றிக்கொண்டேன்.

சந்தோஷப்படாத ஒரே ஆள் அக்காதான். ஒருநாள் அவளுக்கு நாக்குப் பல்லில் மாட்டிக் கிழிந்தது. இன்னொரு நாள் கொதிக்கிற கஞ்சிப் பானைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தாள். இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது கணேசபாண்டியன் விஷயத்தில். அம்மன் 'எடு' என்று சொன்னதை நம்பி அவன் லேத் பட்டறை வேலையை மறுநாளே விட்டிருந்தான். விக்ரோலியில் அவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாப்பிட வந்தவன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"நான் என்னலே சொன்னேன்?" என்று கேட்டாள் அக்கா.

"எடு எடுன்னு சொன்னிய, தாயி."

"தாயின்னு சொன்னா வாயிலேயே போடுவேன். எதப் பாத்துச் சொன்னேன்?"

"அடுப்பப் பாத்து."

அக்கா அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இது என்னன்னு நான் பாக்காம விடப் போறதில்ல" என்றாள். என்னிடம் யோசனை கேட்கவில்லை. சொல்லி வைத்தாள், அவ்வளவே.

அவளுக்கு எழுத்து தெரியாது. கரித்துண்டை எடுத்து அடுப்படிச் சுவரில் குறி போட ஆரம்பித்தாள். மாத்திரை விழுங்கினால் ஒரு கோடு. சோறு தின்றால் ஒரு வட்டம். அம்மன் வந்தால் ஒரு வேப்பிலை. கோட்டுக்கும் வட்டத்துக்கும் இடையில் எத்தனை சங்கு ஊதியதோ அத்தனை புள்ளி. நாங்கள் அதைக் கோலம் என்று கிண்டல் செய்தோம். அவள் காதில் வாங்கவில்லை. இருபத்தோரு நாள் விடாமல் போட்டாள். ஒருநாள் ஈரக்கை பட்டு ஒரு வரிசை அழிந்துவிட்டதற்கு அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

இருபத்திரண்டாம் நாள் மத்தியானம் என்னைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினாள்.

"ஞாயித்துக்கெழம பாரு. மூணு ஞாயிறுலயும் வேப்பிலையே இல்ல."

இல்லைதான். ஞாயிற்றுக்கிழமை எங்களில் பலருக்கு லீவு என்பதால் காலை எட்டு மணிக்கு இட்லி போடுவாள். எங்களோடு அவளும் நாலு இட்லி தின்பாள்.

"இந்தச் செவ்வாய் பாரு. அடுத்த வீட்டுல விசேசம், எட்டு மணிக்குப் பொங்கச்சோறு குடுத்தாவ, தின்னேன். செவ்வாயாத்தான் இருந்துச்சு, அவ வரல. இங்க பாரு, வெள்ளி. மாத்திர போட மறந்துட்டேன். மூணு மணி வரைக்கும் பட்டினிதான். அன்னைக்கும் வரல." கரிபட்ட விரலால் சுவரைத் தட்டினாள். "மாத்திர மட்டும்னா வரல. பட்டினி மட்டும்னா வரல. ரெண்டும் சேந்தாத்தான் வாரா. அம்மனுக்கு எதுக்குலே என் மாத்திரக் கணக்கு?"

கிட்டங்கியில் பேரேடு எழுதுகிற எனக்கு அந்தச் சுவரைப் படிக்கத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனோம். சுவரில் இருந்ததை நான் ஒரு தாளில் அப்படியே வரைந்து எடுத்துக்கொண்டேன். டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். வியர்வை, நடுக்கம், நினைவில்லாத பேச்சு எல்லாவற்றையும் நான் சொன்னேன். வேப்பிலைக்கு என்ன அர்த்தம் என்றும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கானா எத்தனை மணிக்கு என்று அக்காவைப் பார்த்து நேராகக் கேட்டார்.

"கானா கித்னே பஜே?"

"பாரா பஜே" என்றாள் அக்கா பட்டென்று. பன்னிரண்டு மணிக்கு.

"அப்படியானால் மாத்திரையைப் பதினொன்றரைக்குப் போடட்டும்" என்று டாக்டர் எழுதப் போனார். நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அக்கா மேஜையில் கையை வைத்தாள்.

"இருங்க. கானா அவியளுக்குத்தான் பன்னெண்டு. நான் திங்கது மூணு மணி."

அதை ஹிந்தியில் சொல்லப் பாதி வாக்கியம் போயிருப்பேன், அங்கேயே நின்றுவிட்டேன். நான் 'கானாவுக்கு முன்னால' என்று சொன்னபோது அவள் காதில் விழுந்தது 'பன்னிரண்டு பேருக்குப் பரிமாறுவதற்கு முன்னால்' என்பது. தான் தின்பதை அவள் ஒருநாளும் கானா என்று சொன்னதில்லை, நாங்களும் சொன்னதில்லை. டாக்டர் சொன்னது சரி. அவள் கேட்டுக்கொண்டதும் சரி. நடுவில் இருந்த நான்தான், ஹிந்தி தெரிந்த பெருமையில், சோற்றுக்கு முன்னால் என்று ஒரு வார்த்தை தமிழில் சொல்லாமல் விட்டவன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். நான் இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் தமிழில் சொன்னேன். அந்த மாத்திரை உடம்பிலிருக்கும் சர்க்கரையை இறக்கும். வயிற்றில் சோறு விழாவிட்டால் இறங்கிக்கொண்டே போகும்; அப்போது வருவதுதான் இந்த வியர்வையும் நடுக்கமும் உளறலும். உங்கள் ஆட்கள் வெல்லத் தண்ணீர் கொடுத்ததால் பிழைத்தீர்கள், கொடுக்காமல் விட்டிருந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள் என்றார். இனி தட்டை முன்னால் வைத்துக்கொண்டுதான் மாத்திரையைத் தொட வேண்டும். இடுப்பில் எப்போதும் ஒரு துண்டு வெல்லம் இருக்க வேண்டும்; நடுக்கம் தொடங்கினால் உடனே வாயில் போட வேண்டும். நினைவு தப்பிக் கிடந்தால் யாரும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும்.

"அப்ப மாத்திரையே வேண்டாம்னு விட்டுட்டா?" என்று கேட்கச் சொன்னாள் அக்கா.

"காலைப் பாருங்கள்" என்றார் டாக்டர். புண் முக்கால்வாசி ஆறியிருந்தது. "மாத்திரை தன் வேலையைச் செய்கிறது. சோறுதான் நேரத்துக்குப் போகவில்லை. நீங்களாக நிறுத்தக் கூடாது, கூட்டவும் கூடாது. விரதம் கிரதம் என்றால் முதலில் என்னிடம் வந்து கேட்க வேண்டும்."

எழுந்து வரும்போது அக்கா, "அந்தத் தாள அவியகிட்டயே குடுத்துட்டு வா. நாளைக்கு இன்னொருத்திக்கு ஒதவும்" என்றாள்.

வழியில் நான் மன்னிப்புக் கேட்டேன். ரோட்டில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ அம்மன்கிட்டப் பொண்ணு கேட்ட ஆளுதான? போ, போய்ச் சாப்பிடு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் எட்டிப் பார்த்தேன். தட்டில் பழைய சோறும் துவையலும். பக்கத்தில் மாத்திரை. விழுங்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். உலையில் அரிசி போடும் முன்பே சமைக்கிறவள் தின்றுவிட்டாள் என்பது அன்று சந்தில் பெரிய செய்தி. அவள் அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் இருந்தாள். ஒருநாளும் அந்த எட்டு மணி தவறியதில்லை.

ஆனால் அம்மன் விவகாரம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. சித்திரைக் கொடைக்குப் பத்து நாள் இருக்கும்போது பிரம்மநாயகம் அண்ணாச்சி நாலைந்து பேரோடு வந்தார். கொடையன்று மேளம் அடித்ததும் அம்மன் இறங்கி ஆட ஒரு சாமிகொண்டாடி வேண்டும். இரண்டு வருஷமாக எங்கள் பீடத்துக்கு அப்படி ஒருவர் இல்லை.

"அம்மனே ஒன்னத் தேடி வந்துட்டா, முப்பிடாதி. நீதான் கொண்டாடி. மொத நாள் பொழுது சாஞ்சதுலருந்து பச்சத் தண்ணிதான். மத்தியானம் மேளத்துக்கு வந்து நில்லு."

"என்னால பட்டினி கெடக்க முடியாது, அண்ணாச்சி. மாத்திர போடுதேன்."

"அன்னைக்கு ஒருநாள் மாத்திரைய விடு."

"விடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ. விட்டாலும் அவ வர மாட்டா. அதையும் செவுத்துல பாத்தாச்சு" என்றாள். சுவரைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை.

அண்ணாச்சியின் முகம் கறுத்தது. "சக்கரச் சீக்குன்னா சொல்லுத? அம்மனையா? எம்பொஞ்சாதி பூமாரி எப்படிப் போனா? ரெண்டு வருசத்துக்கு முந்தி, கொடையில, மேளம் அடிக்கையில, இந்தப் பீடத்துல ஆடிக்கிட்டே விழுந்தா. ஊரே பாத்துச்சு. அம்மன் கூட்டிக்கிட்டுப் போனா அவள. அதுவும் சீக்குன்னு சொல்லுவியா?"

பூமாரியம்மாள் அப்படித்தான் இறந்தாள். அந்தச் சாவை வைத்துத்தான் அவர் இரண்டு வருஷமாக நிமிர்ந்து நடந்தார். அக்கா அவரை நேராகப் பார்த்தாள்.

"அவியளப் பத்தி எனக்குத் தெரியாது, அண்ணாச்சி. என்னப் பத்தித்தான் தெரியும். அம்மன் வரட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. மேளத்துக்கு வந்து நிக்கேன். ஆனா தின்னுட்டுத்தான் வருவேன். நெறஞ்ச வயித்துல அவ வந்தா நீங்க சொன்னது. வரலன்னா நான் சொன்னது."

அவர்கள் எழுந்து போனார்கள். மறுநாள் ஐந்து பேர் வேறு மெஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். அம்மனைப் பழித்த கையால் சோறு வேண்டாமாம். மீதி ஏழு பேரும் தலையைக் குனிந்தே சாப்பிட்டோம். டாக்டர் சொன்னதை நானும் கூட்டத்தில் எடுத்துச் சொல்லலாமே என்று அக்கா கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன.

கொடையன்று காலை எட்டு மணிக்கு அவள் தன் வாசலில், பீடத்துக்கு எதிரே, இலை போட்டு உட்கார்ந்தாள். தெருவே விரதத்தில் இருந்தது. மாத்திரையைப் போட்டாள், தண்ணீர் குடித்தாள், சோற்றைப் பிசைந்து கடைசிப் பருக்கை வரை தின்றாள். ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினாள். அக்கா இலையை மடித்துக் கை கழுவினாள். முகத்தில் எந்த வீம்பும் இல்லை, பயமும் இல்லை. வேலையைச் செய்து முடித்த முகம்தான்.

மத்தியானம் நையாண்டி மேளம் எழும்பியது. அவள் குளித்து, ஈரச்சேலையோடு பீடத்தின் முன்னால் வந்து கைகூப்பி நின்றாள். கூட்டம் முழுக்க அவளையே பார்த்தது. உறுமி விடாமல் உறுமியது. குலவை மேல் குலவை. பத்து நிமிஷம். கால் மணி. அரை மணி. அவள் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன்; அது கும்பிடுகிறவளுடைய கண்ணீர். உடம்பு மட்டும் ஆடவில்லை. மேளக்காரர்களின் கை ஓய்ந்து தாளம் தளர்ந்தது. கடைசியில் பிரம்மநாயகம் அண்ணாச்சியே கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தினார்.

அக்கா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "பாத்துட்டியளா? நான் கும்பிடுத அம்மன்தான் உங்க அம்மனும். ஆனா எனக்கு வந்தது அவ இல்ல. இனிமே நான் ஒளறுனா வெல்லத்தக் குடுங்க. குறி கேக்காதிய. எம்பேச்சக் கேட்டு ஒருத்தன் வேலைய விட்டது போதும்."

கணேசபாண்டியன் தரையைப் பார்த்தான். படையல் ஒருவழியாக முடிந்தது, கூட்டம் கலைந்தது.

மூன்று மணிச் சங்கு ஊதியபோது மெஸ்ஸில் அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். பிரம்மநாயகம் அண்ணாச்சி தனியாக உள்ளே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் மடியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். உள்ளே நாலைந்து வெள்ளை மாத்திரைகள். மேலே இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு தாள் ஒட்டியிருந்தது.

"பூமாரி செம்பூர்ல மக வீட்டுக்குப் போயிருந்தப்ப அங்கன ஒரு டாக்டர் குடுத்தது. கால் எரிச்சலுக்குன்னு சொன்னா. நான் வேற ஒண்ணும் கேட்டுக்கிடல. அவ போனப்புறம் சாமி படத்துக்குப் பின்னால வச்சிருந்தேன்." புட்டியைச் சுட்டிக் காட்டினார். "என்னன்னு வாசி."

வாசித்தேன். அக்காவின் பொட்டலத்தில் எழுதியிருந்த அதே பெயர். ஏதோ சத்து மாத்திரை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் வயதுக்கு அது புண்ணியம் என்றுகூடத் தோன்றியது. அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளத உள்ளபடி சொல்லு, அய்யாத்துரை. ஒரு சொல்லையும் முழுங்காத."

"அக்கா போடுத அதே மாத்திரதான், அண்ணாச்சி" என்றேன். "காலையில ஒண்ணு, சாப்பாட்டோடன்னு போட்டிருக்கு."

அவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தார்.

"கொடையன்னைக்குக் காலம்பறயும் போட்டா. தல சுத்துதுன்னு சொன்னா. ஒரு வாய் காப்பி குடிக்கட்டான்னு கேட்டா. விரதம், தொடப்பிடாதுன்னு சொன்னேன். மாத்திரைக்குத் தண்ணி மோந்து குடுத்தது நாந்தான்."

அக்கா அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. எழுந்து போய் ஓர் இலையைக் கழுவி அவர் முன்னால் போட்டாள். சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள்.

"நேத்து சாயந்தரத்துலருந்து பட்டினி கெடக்கிய, அண்ணாச்சி. சாப்பிடுங்க."

அவர் ஒரு கவளத்தை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தார். அக்கா எதிரே உட்கார்ந்துகொண்டாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.